ஜெனீவா வரை போன உள்நாட்டு வழக்கு

ஏர்பஸ் நிறுவனத்துக்கு ஐரோப்பிய அரசுகள் வழங்கிய மானியங்களைப் பற்றி 2004இல் தொடங்கிய வழக்கு, 2019 அக்டோபரில் அமெரிக்காவுக்கு ஒரு பெரும் பரிசைக் கொடுத்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள்மீது பதிலடி வரி விதித்துக்கொள்ள உலக வர்த்தக அமைப்பு அதற்கு அனுமதி அளித்தது. அந்த அமைப்பு அதுவரை யாருக்கும் அவ்வளவு பெரிய தொகைக்கு அனுமதி தந்ததில்லை. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், டிசம்பர் 10ஆம் தேதியோடு, அமெரிக்கரான தாமஸ் கிரகாம், இந்தியரான உஜல் சிங் பாட்டியா ஆகிய இருவரின் பதவிக்காலம் முடிய, அதே அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எஞ்சினார். ஏழு இருக்கைகள் கொண்ட அந்த மன்றத்தில் ஒரு வழக்கை விசாரிக்க மூவராவது வேண்டும். புதியவர்களை நியமிக்க அமெரிக்கா தொடர்ந்து ஒப்புதல் மறுத்து வந்ததால் மன்றம் அன்றோடு செயலிழந்தது. இன்றுவரை உயிர் பெறவில்லை.

நாடுகள் தங்களுக்கு ஆதாயம் இருக்கும்வரை நீதிமன்றத்தை மதிக்கும், ஆதாயம் தீர்ந்ததும் கைகழுவும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை என்று கூடச் சொல்லத் தயங்குகிறேன். அமெரிக்கா தான் தொடுத்த வழக்குகளில் பெரும்பாலானவற்றில் வென்ற நாடு. ஐரோப்பிய ஒன்றியமோ வாழைப்பழ வழக்கில் தோற்றது, ஹார்மோன் ஊட்டிய மாட்டிறைச்சி வழக்கில் தோற்றது, ஏர்பஸ் வழக்கிலும் தோற்றது. இருந்தும் அந்த மன்றத்தைக் காப்பாற்ற மற்ற எவரையும்விட அதிகமாக முயன்றது. வென்றவர் இடிக்க, தோற்றவர் தாங்கிப் பிடிக்கிறார் என்றால், வெற்றி தோல்விக் கணக்குக்கு வெளியே ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். சட்டம் என்றால் என்ன, நீதிபதி எதுவரை போகலாம், ஒரு நாட்டுக்காக இறுதி முடிவு எடுப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு நாடும் தனக்குள் ஏற்கெனவே ஒரு விடையை, அல்லது தீராத ஒரு சச்சரவை, வைத்திருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவுக்குப் போகும் தூதர்கள் அதையே எடுத்துச் செல்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் கதை இதற்கு மிக வளமான சான்று. அந்நாட்டு அரசியல் சட்டம் வெளிநாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தரவில்லை, நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தந்திருக்கிறது. 1930இல் ஸ்மூட் ஹாலி சட்டத்தின் மூலம் இறக்குமதி வரியைக் கண்டபடி உயர்த்திய அதே காங்கிரஸ், 1934இல் வரிக் குறைப்புப் பேச்சு நடத்தும் அதிகாரத்தை அதிபருக்குக் கடனாக வழங்கியது. கடனாக என்று எண்ணிப் பார்த்தே எழுதுகிறேன். காலவரையறையோடும் நிபந்தனையோடும் கொடுக்கப்பட்ட அதிகாரம் அது. இறக்குமதியால் பாதிக்கப்படும் தொழிலுக்குச் சட்டப்படி நிவாரணம் கிடைக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளின் சாரம். அடக்க விலைக்கோ உள்நாட்டு விலைக்கோ கீழே கொண்டுவந்து கொட்டப்படும் பொருள்மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி, மானியம் பெற்ற பொருள்மீது ஈடுசெய் வரி, திடீரென்று பெருகும் இறக்குமதிக்கு எதிரான பாதுகாப்பு வரி ஆகியவை இந்த ஏற்பாட்டின் கருவிகள்.

இந்தக் கருவிகள் இயங்கும் முறையைக் கவனிக்க வேண்டும். ஓர் எஃகு ஆலையோ அதன் தொழிற்சங்கமோ மனு கொடுக்கிறது, வணிகத் துறையும் சர்வதேச வர்த்தக ஆணையமும் விசாரிக்கின்றன, வழக்கறிஞர்கள் வாதிடுகிறார்கள், கணக்குப் புத்தகங்கள் சரிபார்க்கப்படுகின்றன, முடிவு பிடிக்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தின் 301ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், அயல்நாட்டு அரசு ஒன்றின் அநியாயமான நடவடிக்கையைப் பற்றியும் ஒரு தனியார் நிறுவனம் தன் அரசிடம் மனுக் கொடுக்கலாம் என்றது. அதாவது வர்த்தகத்தில் இழைக்கப்படும் அநீதி ஒரு குடிமகனுக்கு நேர்ந்த சட்ட மீறல், அதற்குச் சட்டப்படி பரிகாரம் உண்டு என்ற கருத்து அங்கே ஆழமாக வேரூன்றியிருந்தது. அரசுகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விவகாரமாக அதைப் பார்த்த அன்றைய ஐரோப்பியத் தூதர்களுக்கு இது விளங்காத மனப்போக்காகவே இருந்தது.

உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியாக, 1947இல் 23 நாடுகள் கையெழுத்திட்ட காட் என்ற வர்த்தக ஒப்பந்தத்தில் பிணக்குகளைத் தீர்க்கும் முறை அந்தத் தூதர்களின் மனப்போக்குக்கு ஏற்றதாக இருந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கை எல்லா உறுப்பினர்களும் ஒத்துக்கொண்டால்தான் ஏற்கப்படும். தோற்ற நாடும் அந்த எல்லாரில் அடக்கம். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. 1986இல் தொடங்கி, உலக வர்த்தக அமைப்பின் பிறப்பில் முடிந்த உருகுவே சுற்றுப் பேச்சுகளில், தோற்றவர் தடுக்க முடியாத, தானாகவே ஏற்கப்படும் தீர்ப்பு முறையை அமெரிக்கா வலியுறுத்தியது. மற்ற நாடுகள் அதற்கு இணங்கியதற்கு ஒரு காரணம் 301ஆம் பிரிவின்மீது இருந்த அச்சம்: எல்லாப் புகாரும் ஜெனீவாவுக்குத்தான் வர வேண்டும், எந்த நாடும் தானே புகார் கொடுத்துத் தானே தீர்ப்பெழுதித் தானே தண்டிக்கக் கூடாது என்ற விதியை அவர்கள் பதிலுக்குப் பெற்றார்கள். தீர்ப்பு தானாக ஏற்கப்படும் என்றானபின், விசாரணைக் குழு ஒன்று தவறாகத் தீர்ப்பளித்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் பிறந்ததே மேல்முறையீட்டு மன்றம். பின்னாளில் அதுவே சர்ச்சையின் மையமாகும் என்று அப்போது எவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளியே பிறரைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் வேண்டும் என்று கேட்ட அதே காங்கிரஸ், உள்ளே தன்னைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றத்தை ஒருநாளும் ஏற்றதில்லை. 1994இல் உருகுவே சுற்றை நிறைவேற்றக் கொண்டுவந்த சட்டத்தின் 102ஆம் பிரிவு, இந்த ஒப்பந்தங்களில் எந்த விதியாவது அமெரிக்கச் சட்டத்தோடு முரண்பட்டால் அந்த விதிக்கு அமெரிக்காவில் செயல்வலு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் செனட்டர் பாப் டோல் ஆதரவு தருவதற்கு விலையாக அதிபர் கிளின்டனிடம் ஒரு வாக்குறுதியும் பெற்றார். ஐந்து அமெரிக்க நீதிபதிகள் கொண்ட ஓர் ஆணையம் ஜெனீவாவின் தீர்ப்புகளை ஆராயும். அந்த மன்றம் தன் அதிகார எல்லையை மீறியதாக ஐந்தாண்டுகளில் மூன்று முறை கண்டறியப்பட்டால், அமெரிக்கா வெளியேறுவதைப் பற்றிக் காங்கிரஸ் வாக்கெடுப்பு நடத்தலாம். இதற்கான சட்டம் பின்னர் நிறைவேறவில்லை. ஆனால் சர்வதேச நீதிபதியை உள்நாட்டு நீதிபதி கண்காணிக்க வேண்டும் என்ற அந்த எண்ணம், மன்றம் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்தது என்பதை இது காட்டுகிறது.

இனி நான் சற்று நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் தொடர்பான வழக்கில் ஒரு கோட்பாட்டை வகுத்தது. சட்டத்தின் வாசகம் தெளிவில்லாமல் இருந்து, அதை நடைமுறைப்படுத்தும் அரசுத் துறை ஏற்கத்தக்க ஒரு பொருளைக் கொண்டிருந்தால், நீதிபதி தன் சொந்த விளக்கத்தை அதன்மேல் திணிக்கக் கூடாது, துறையின் விளக்கத்துக்கு வழிவிட வேண்டும் என்பது அதன் சாரம். உருகுவே சுற்றின் கடைசிக் கட்டத்தில், பொருள்குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தை எழுதும்போது, அமெரிக்கப் பேச்சாளர்கள் ஏறத்தாழ இதே கோட்பாட்டை 17.6ஆம் விதிக்குள் நுழைத்தார்கள். ஒப்பந்தத்தின் ஒரு விதிக்கு ஏற்கத்தக்க விளக்கங்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்து, ஒரு நாட்டின் நடவடிக்கை அவற்றில் ஒன்றைச் சார்ந்திருந்தால் அது செல்லும் என்பது அந்த விதி. வாஷிங்டனில் வணிகத் துறைக்கு உள்நாட்டு நீதிபதி எவ்வளவு இடம் கொடுக்கிறாரோ, அவ்வளவு இடத்தை ஜெனீவாவின் நீதிபதியும் கொடுப்பார் என்று அவர்கள் நம்பினார்கள்.

மேல்முறையீட்டு மன்றத்தில் உட்கார்ந்தவர்களோ வேறு பள்ளியில் பயின்றவர்கள். உடன்படிக்கைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையை முதலில் எடுத்து வைத்து, சொல், சூழல், நோக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தால் கடைசியில் ஒரே ஒரு சரியான விளக்கம்தான் மிஞ்சும் என்ற முடிவுக்கு அவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அமெரிக்கர்கள் பேரம் பேசி வாங்கிய வாசகம் நடைமுறையில் ஏறக்குறைய வெறும் காகிதமாயிற்று. இதை ஏமாற்று என்று வாஷிங்டன் கருதியது. நடுநிலையாகப் படிக்கும் எனக்கு இரு தரப்பிலும் நேர்மையின்மை தெரியவில்லை; சட்ட வாசகத்துக்குப் பல பொருள்கள் இருக்கும் என்று நம்பும் மரபும், தேடினால் ஒரு பொருள் கிடைக்கும் என்று நம்பும் மரபும் ஒரே வரியில் கையெழுத்திட்டுவிட்டு, அவரவர் மரபுப்படி அதைப் படித்தார்கள்.

இந்த மோதல் கூர்மையடைந்தது 'ஜீரோயிங்' என்று வர்த்தக வழக்கறிஞர்கள் அழைக்கும் கணக்கு முறையில். ஒரு நிறுவனம் தன் நாட்டில் 100 ரூபாய்க்கு விற்கும் பொருளை அயல்நாட்டில் ஒருமுறை 90க்கும் மறுமுறை 110க்கும் விற்கிறது என்று கொள்வோம். சராசரி பார்த்தால் குவிப்பே இல்லை. ஆனால் 110க்கு விற்ற விற்பனையின் உபரியைக் கணக்கில் பூஜ்யமாக்கிவிட்டால், 90க்கு விற்றதன் பற்றாக்குறை மட்டும் மிஞ்சி, வரி விதிக்க இடம் கிடைக்கும். இந்தத் தந்திரத்தை முதலில் ஜெனீவாவில் உடைத்தது இந்தியாதான். பருத்திப் படுக்கை விரிப்புகள்மீது ஐரோப்பா விதித்த வரியை எதிர்த்த வழக்கில், 2001 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பா அந்த முறையைக் கைவிட்டுவிட்டு, அதைத் தொடர்ந்து பயன்படுத்திய அமெரிக்காவுக்கு எதிராகத் தானே வழக்குத் தொடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கா அந்த விவகாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றது. ஒரு முறை விசாரணைக் குழு ஒன்று மன்றத்தின் முந்தைய தீர்ப்பைப் பின்பற்ற மறுத்தபோது, மெக்சிகோ தொடுத்த வழக்கில் 2008இல், வலுவான காரணம் இல்லாமல் முந்தைய தீர்ப்பிலிருந்து விலகக் கூடாது என்று மன்றம் கண்டித்தது. முன்தீர்ப்பை முதுகெலும்பாகக் கொண்ட சட்ட மரபில் வளர்ந்த அமெரிக்கர்கள், ஜெனீவாவில் முன்தீர்ப்புக்குக் கட்டுப்படுத்தும் வலு கிடையாது என்று வாதிட நேர்ந்தது இந்தக் கதையின் வேடிக்கையான பகுதிகளில் ஒன்று.

தொகையாகப் பார்த்தால் ஜீரோயிங்கால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு பெரிதல்ல. அதற்காக ஓர் உலக நீதிமன்றத்தையே முடக்கத் துணிந்தது ஏன் என்பதற்கு, 1934இன் பேரத்தை நினைத்தால்தான் விடை கிடைக்கும். வரியைக் குறைக்கச் சம்மதிக்கிறோம், நிவாரணச் சட்டத்தில் கை வைக்காதீர்கள் என்பது காங்கிரஸுக்கும் தொழிலாளர்களுக்கும் இடையிலான சொல். அதை ஜெனீவாவில் உள்ள எவரோ மாற்றி எழுதுகிறார்கள் என்ற உணர்வு குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்ற வேறுபாடின்றிப் பரவியது. ஆகவேதான் முடக்கத்தைத் தொடங்கியது டிரம்ப் என்று சொல்வது தவறாகிறது. 2016 மே மாதத்தில், ஒபாமா ஆட்சியில், மேல்முறையீட்டு மன்ற உறுப்பினராக இருந்த தென் கொரியரான சியுங் வா சாங்கின் மறுநியமனத்தை அமெரிக்கா தடுத்தது. வழக்கைத் தீர்க்கத் தேவையில்லாத கேள்விகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், இது கல்விக்கழகம் அல்ல என்பது குற்றச்சாட்டு. வாஷிங்டனில் அதே மாதங்களில் உச்ச நீதிமன்றத்தில் காலியான ஓர் இருக்கைக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை விசாரிக்கவே செனட் மறுத்துக்கொண்டிருந்தது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீதிபதியின் இருக்கையைக் காலியாக வைத்தே நீதிமன்றத்தை வழிக்குக் கொண்டுவரலாம் என்ற சிந்தனை அப்போது அந்நகரின் காற்றில் கலந்திருந்தது.

டிரம்பின் வர்த்தகப் பிரதிநிதியாக 2017இல் வந்த ராபர்ட் லைட்ஹைசர் இந்தச் சிந்தனையின் முழு உருவம். அவர் 1980களின் தொடக்கத்தில் டோல் தலைமையிலான செனட் நிதிக் குழுவின் பணியாளர் தலைவராக இருந்தவர். பிறகு நீண்ட காலம் எஃகு நிறுவனங்களுக்காகப் பொருள்குவிப்பு வழக்குகளை நடத்தியவர். அவரது அலுவலகம் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட மேல்முறையீட்டு மன்றம் பற்றிய நீண்ட அறிக்கையைப் படிப்பவர்களுக்கு, வர்த்தகச் சொற்களை நீக்கிவிட்டால், அமெரிக்க நீதிபதிகளைப் பற்றி அந்நாட்டுப் பழமைவாதிகள் அரை நூற்றாண்டாக எழுதிவரும் குற்றப்பத்திரிகையைப் படிப்பது போலவே தோன்றும்: வாசகத்தில் இல்லாத கடமைகளைச் சேர்க்கிறார்கள், உள்ள உரிமைகளைக் குறைக்கிறார்கள், கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறார்கள், தங்கள் சொல்லையே சட்டமாக்கிக்கொள்கிறார்கள். பைடன் ஆட்சி வந்தும் நியமனத் தடை நீங்கவில்லை. எஃகு, அலுமினியம் மீதான தேசப் பாதுகாப்பு வரிகளுக்கு எதிராக 2022 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது, தன் பாதுகாப்பைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை ஜெனீவாவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அந்த ஆட்சியும் சொன்னது. 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செவ்ரான் கோட்பாட்டையே கைவிட்டு, சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிபதியின் வேலை, அரசுத் துறையின் வேலையல்ல என்று தீர்ப்பளித்தது. ஜெனீவாவின் மன்றம் இருபது ஆண்டுகளாகச் செய்து திட்டு வாங்கிய காரியம் அதுவே என்பதை வாஷிங்டனில் அதிகம் பேர் கவனித்ததாகத் தெரியவில்லை.

உள்நாட்டுக் கருத்து மாறினால் வெளிநாட்டு அணுகுமுறையும் மாறும் என்பதற்கு ஜப்பான் நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானியர்கள் இயல்பிலேயே வழக்கு மன்றத்தை விரும்பாதவர்கள், இணக்கத்தை நாடுபவர்கள் என்று கலாசாரத்தின் தலையில் எல்லாவற்றையும் சுமத்துவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1981இல் அமெரிக்காவுக்கான கார் ஏற்றுமதியை ஆண்டுக்கு 16.8 லட்சமாகத் தானே கட்டுப்படுத்திக்கொண்டதும், 1986இல் குறைக்கடத்தி ஒப்பந்தத்துக்கு இணங்கியதும் இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. ஆனால் ஜப்பானிய நிறுவனங்கள் ஐரோப்பாவில் நடத்திய தொகுப்பு ஆலைகள்மீது விதிக்கப்பட்ட வரியை எதிர்த்த காட் வழக்கில் 1990இல் ஜப்பான் வென்றது. அதன்பின் டோக்கியோவின் வணிக அமைச்சகத்துக்குள் புதிய எண்ணம் ஒன்று வலுப்பெற்றது. 1992 முதல் அந்த அமைச்சகம், பிற நாடுகளின் அநியாய வர்த்தக நடைமுறைகளைப் பற்றி ஆண்டறிக்கை வெளியிடத் தொடங்கியது. அமெரிக்கா ஒரு நாட்டை அநியாயமானது என்று சொல்வது பெரும்பாலும் வர்த்தகப் பற்றாக்குறை என்ற விளைவைப் பார்த்து, எங்கள் அளவுகோல் ஒப்புக்கொண்ட சர்வதேச விதிகள் மட்டுமே என்று அந்த அறிக்கை வாதிட்டது.

மூன்றாண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. 1995 மே மாதத்தில் ஜப்பானின் 13 ஆடம்பரக் கார் வகைகள்மீது 100 சதவீத வரி விதிக்கப்போவதாக அமெரிக்கா மிரட்டியது. ஜப்பான் பழைய வழக்கப்படி பணியாமல், பிறந்து சில மாதங்களே ஆன உலக வர்த்தக அமைப்பிடம் போயிற்று. ஜூன் இறுதியில், ஜப்பான் எண்ணிக்கை இலக்கு எதற்கும் கட்டுப்படாமலேயே சமரசம் ஏற்பட்டது. 1998இல் கோடாக், ஃபூஜி புகைப்படச் சுருள் வழக்கிலும் அது அமெரிக்காவை வென்றது. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு மக்களின் கலாசாரம் தலைகீழாக மாறிவிடுவதில்லை. மாறியது ஓர் அமைச்சகத்தின் கோட்பாடு. விதி என்பது பலவீனனின் கையிலும் ஆயுதமாகும் என்று அங்குள்ள அதிகாரிகள் கண்டுகொண்டார்கள்.

ஐரோப்பாவின் நிலை எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். ஐரோப்பியச் சட்ட ஒழுங்கு என்ற மாளிகையின் அடிக்கல்லே ஒரு சுங்க வரி வழக்குத்தான். ஜெர்மனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை இறக்குமதி செய்த வான் ஹென்ட் என் லோஸ் என்ற டச்சு நிறுவனம், 3 சதவீதமாக இருந்த வரி 8 சதவீதமானதை எதிர்த்துப் போட்ட வழக்கில், ஐரோப்பிய உடன்படிக்கை குடிமக்களுக்கு நேரடி உரிமைகளை வழங்குகிறது என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தை நீதிமன்றம் மெல்ல மெல்ல அரசியல் சட்டமாக்க முடியும் என்பதை அனுபவித்து அறிந்த மக்களுக்கு, ஜெனீவாவில் ஒரு வலுவான நீதிமன்றம் இருப்பது இயல்பான அடுத்த படியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்கா முடக்கியதும் 2020இல் கனடா, சீனா, பிரேசில் முதலிய நாடுகளோடு சேர்ந்து ஒரு மாற்று மேல்முறையீட்டு ஏற்பாட்டை உருவாக்கியது ஐரோப்பா. கொரியாவுடனான ஃபுகுஷிமா கடல் உணவு வழக்கில் 2019இல் மன்றத்தின்மேல் கடும் அதிருப்தி அடைந்த ஜப்பானும் 2023இல் அதில் சேர்ந்தது. சிரிப்பு எங்கே என்றால், உலக வர்த்தக அமைப்பின் விதிகளைத் தன் நாட்டவர் தன் நீதிமன்றத்தில் நேரடியாகக் கோர முடியாது என்று அதே லக்சம்பர்க் நீதிமன்றம் 1999இல் போர்ச்சுகல் தொடுத்த வழக்கில் சொல்லிவிட்டது. பிற நாடுகள் அப்படிச் செய்யாதபோது நாம் மட்டும் செய்தால் பேரம் பேசும் இடம் போய்விடும் என்பது அதன் காரணம். ஹார்மோன் வழக்கில் 1998இல் தோற்றும் அந்த இறைச்சிக்கு விதித்த தடையை நீக்காமல், அமெரிக்காவின் பதிலடி வரியை ஆண்டுக்கணக்கில் சுமந்ததும் இதே ஐரோப்பாதான்.

இந்தியாவுக்கு வந்தால், நம் வாசகர்களுக்கு மிக அருகில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. பழைய மருந்தின் சிறு மாற்றத்துக்குப் புதிய காப்புரிமை இல்லை என்று சொல்லும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸுக்கு முரணானது என்று அந்நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. 2007 ஆகஸ்ட் 6ஆம் தேதி அளித்த தீர்ப்பில் நீதிமன்றம், இந்தியச் சட்டம் டிரிப்ஸ் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகிறதா என்பதை ஆராய்வது தன் வேலையல்ல, அதற்கென்று உலக வர்த்தக அமைப்பில் ஓர் ஏற்பாடு இருக்கிறது, போக விரும்புகிறவர்கள் அங்கே போகலாம் என்று சொன்னது. ஆனால் அந்த ஏற்பாட்டில் வழக்குத் தொடுக்க நிறுவனத்தால் முடியாது, அரசால்தான் முடியும். நோவார்ட்டிஸின் தாய்நாடான சுவிட்சர்லாந்து தொடுக்கவில்லை. மருந்து விலையைப் பற்றிய ஒரு பெரும் அரசியல் கேள்வி நாடாளுமன்றத்தின் கையில் அப்படியே இருந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் 3(டி) பிரிவின் பொருளை ஆராய்ந்து நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அரசின் வேலை, அதைச் சட்டமாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை, இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி நாட்டின் சொத்து என்பது இந்தியாவின் பழைய எண்ணம். 1989இல் அமெரிக்கா, 301ஆம் பிரிவைக் கடுமையாக்கிய 'சூப்பர் 301' விதியின் பட்டியலில் ஜப்பான், பிரேசில் ஆகிய நாடுகளோடு இந்தியாவையும் சேர்த்து, காப்பீட்டுத் துறையையும் அந்நிய முதலீட்டையும் திறந்துவிடச் சொன்னபோது, மிரட்டலின்கீழ் பேச மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. அமெரிக்கா பதிலடியும் கொடுக்கவில்லை. உருகுவே சுற்றின் ஒப்பந்த வரைவான டங்கல் வரைவு என்ற பெயர் ஊர் ஊராகப் போராட்ட முழக்கமான காலத்தில், பிறர் எழுதும் விதி நம் கொள்கைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்வதே அரசின் கடமை என்ற கருத்து இடதுசாரி, வலதுசாரி இருவருக்கும் பொதுவானது. அதன் தொடர்ச்சியாக, ஜெனீவா மன்றத்தில் இந்தியா பெரும்பாலும் கால அவகாசம் தேடுகிறது. காப்புரிமை விண்ணப்பங்களைப் பெற்றுவைக்கும் முறையைப் பற்றிய வழக்கில் 1997இல் தோற்று 1999இல் சட்டம் திருத்தியதும், இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை 1999இல் தோற்ற பிறகே விலக்கியதும் அப்படிப்பட்டவை. உள்நாட்டில் சொல்ல முடியாததை ஜெனீவாவின் மேல் பழிபோட்டுச் செய்துகொள்ளும் வசதியும் இதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

நியாயவிலைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுகிறது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமோ, குறைந்தபட்ச ஆதரவு விலையில் கொள்முதல் செய்வதை 1986 முதல் 1988 வரையிலான காலத்தின் உலக விலையோடு ஒப்பிட்டு மானியம் என்று கணக்கிடுகிறது; உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்பது எல்லை. முப்பது ஆண்டுப் பணவீக்கத்தைக் கண்டுகொள்ளாத இந்தக் கணக்கு அபத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தியா இதற்கு எதிராகச் சட்ட வாதத்தை நம்பியிருக்கவில்லை. 2013இல் பாலி மாநாட்டில், இது குறித்து எவரும் வழக்குத் தொடுக்கக் கூடாது என்ற தற்காலிக அமைதி விதியைப் பேசிப் பெற்றது. அடுத்த ஆண்டு அதை நிரந்தரத் தீர்வு வரும்வரை நீட்டிக்கச் செய்தது. பசித்தவனுக்கு அரிசி கொடுப்பது அரசின் முதல் கடமை என்ற கருத்து நிலவும் நாட்டில், அது ஒரு வழக்கின் முடிவைப் பொறுத்தது என்று எந்தக் கட்சியாலும் சொல்ல முடியாது. ஆகவே அந்த விஷயத்தை நீதிமன்றத்தின் கையில் கொடுக்காமலேயே தவிர்ப்பது இயல்பான வழியாகிறது.

கரும்பில் அந்த வழி அடைபட்டது. மத்திய அரசு அறிவிக்கும் நியாய ஆதாய விலையையும் சில மாநிலங்கள் அறிவிக்கும் பரிந்துரை விலையையும் எதிர்த்து பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா ஆகிய மூன்று நாடுகள் வழக்குத் தொடுத்தன. அரசு ஒரு டன் கரும்பைக்கூட வாங்குவதில்லை, ஆலைகள்தான் விலை கொடுக்கின்றன, ஆகவே இது அரசு மானியமே அல்ல என்று இந்தியா வாதிட்டது. விலையைக் கட்டாயமாக்குவது அரசுதானே என்று சொல்லி, 2021 டிசம்பரில் விசாரணைக் குழு அந்த வாதத்தை நிராகரித்தது. 2022 ஜனவரியில் இந்தியா மேல்முறையீடு செய்தது. விசாரிக்க ஆளில்லாத மன்றத்தில் போடப்பட்ட மேல்முறையீடு என்பதால் தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை, கரும்பு விலையும் வழக்கம்போல் ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்டு வருகிறது.

இதே இந்தியா, 2024இல் அபுதாபியில் நடந்த அமைச்சர்கள் மாநாட்டில், மேல்முறையீட்டு மன்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே முதல் வேலை என்று வலியுறுத்தியது. ஐரோப்பாவின் மாற்று ஏற்பாட்டில் மட்டும் சேரவில்லை. அமெரிக்கா தான் அடைத்த கதவின் வழியே பிறர் தப்பிப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஐரோப்பா, அப்படித் தப்பிப்பவர்கள்மீது தானே பதிலடி கொடுக்க 2021இல் தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. ஒரு காலத்தில் அது 301ஆம் பிரிவைப் பற்றிச் சொன்ன குறைகளை இப்போது பிறர் அதனிடம் சொல்கிறார்கள். 2024க்குள் முழுமையாக இயங்கும் பிணக்குத் தீர்வு முறையை மீட்போம் என்று 2022இல் எல்லா நாடுகளும் சேர்ந்து கொடுத்த வாக்குறுதியின் காலக்கெடு கடந்துவிட்டது. விதிகளின் வாசகத்தை எப்படித் திருத்துவது என்ற பேச்சு மட்டுமே அதுவரை ஜெனீவாவில் நடந்தது.